கப்பலில் ஒரு கிண்ணம் கஞ்சி

கடற் பிரயாணம் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "சாப்பாட்டுக்கு என்ன செய்வாய்?" என்பதுதான். ரயிலில் போனால் கட்டுச்சாதம் எடுத்துப் போகலாம். வழியில் ஏதாவதொரு ஸ்டேஷனில் நாலு வாழைப்பழமாவது கிடைக்கும். நாற்புறமும் நீர் சூழ்ந்த கப்பலில் பசித்தால் எங்கே போவது?

கவலை நியாயமானதே. ஆனால் இக்காலத்து உல்லாசக் கப்பல்களில் அந்தக் கவலை தலைகீழாக மாறிவிட்டது. அங்கே ஆகாரம் கிடைக்காதோ என்ற பயம் இல்லை. ஆகாரத்திடமிருந்து தப்புவது எப்படி என்பதுதான் பயம். விடிந்ததும் திறக்கிற போஜன மண்டபத்தில் ரொட்டி வகைகள் ஒரு புறம், பழ வகைகள் ஒரு புறம், மீனும் மாமிசமும் ஒரு புறம், தேனிலும் சர்க்கரையிலும் தோய்ந்த பணியாரங்கள் ஒரு புறம் என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவுக்கும் நடுவில், தானியமும் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்துக் காய்ச்சிய ஒரு கிண்ணம் சூடான கஞ்சியைத் தேடிக் கண்டுபிடிப்பது, பெரிய நூல் நிலையத்தில் அரிச்சுவடியைத் தேடுவது போன்ற காரியம்.

அப்படிக் கஞ்சியைத் தேடி, அதைக் கண்டுபிடித்த கதை இது. தேடிய இடம் நார்வே தேசத்தின் கடற்கரை.

பிரயாணத்துக்கு ஒரு நிபந்தனை

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் போதிக்கிறவன். இருபது வருஷங்களாக, வடதுருவத்தை அடுத்த நாடுகளில் கோடைக்காலத்தில் நள்ளிரவிலும் சூரியன் மறையாதிருக்கும் அதிசயத்தை மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். உத்தியோகத்துக்குப் புதியவனாக இருந்தபோது, மறுநாள் பாடத்தை வீட்டுக் கூடத்தில் உரக்கச் சொல்லி ஒத்திகை பார்ப்பேன். அடுப்பங்கரையில் வேலையாய் இருந்தபடியே அதைக் கேட்டவர் என் தமக்கையார். "தம்பி! ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வெயில் அடிக்குமாமே, அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்று அன்று சொன்னவர், பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. புலால் உண்ணாதவர். ஒன்பது வருஷங்களாக நீரிழிவு. அண்மையில் இருதய நோயும் சேர்ந்துகொண்டது. இனி ஒத்திப்போட்டால் நடவாது என்று தோன்றிற்று. வைத்தியரிடம் போனோம். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "போய் வாருங்கள், அம்மா. ஆனால் காலை ஆகாரத்தில் மட்டும் விளையாடக் கூடாது. வீட்டில் குடிக்கிற கேழ்வரகுக் கஞ்சிக்கு ஈடான ஏதாவது ஒன்று, சர்க்கரை இல்லாமல், தினமும் ஒரே நேரத்தில் வயிற்றுக்குப் போக வேண்டும்" என்றார்.

இது வெறும் பத்திய உபதேசம் அன்று. தமக்கையார் உட்கொள்ளும் மாத்திரை அத்தகையது. அதை விழுங்கிவிட்டு ஆகாரம் கொள்ளாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம். பசிக்கு அஞ்சிக் கண்டதை உண்டாலோ, அது அளவுக்கு மீறி ஏறிவிடும். இரண்டு பக்கமும் பள்ளம். நடுவே ஒற்றையடிப் பாதை. நடுக்கடலில், இருதய நோயாளி ஒருவருக்கு, அந்தப் பாதை ஒரு கிண்ணம் கஞ்சியில் இருந்தது.

தபாற் கப்பலின் தடம்

நார்வே தேசத்தின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் மேற்குக் கரை கிழிந்த துணியின் ஓரம் போல இருக்கும். மலைகளுக்கு இடையே கடல் நீண்ட விரல்களை நுழைத்திருக்கிறது. சாலை போடுவது கஷ்டம். கடல்தான் அந்நாட்டின் ராஜபாட்டை. 1893-ஆம் வருஷம் ஜூலை மாதம் 2-ஆம் தேதி, ரிச்சர்ட் வித் என்னும் மாலுமி 'வெஸ்டெரோலன்' என்ற நீராவிக் கப்பலை ட்ரோன்ஹைம் நகரிலிருந்து வடக்கே ஹாமர்ஃபெஸ்ட் நோக்கிச் செலுத்தினார். அன்று தொடங்கிய தபாற் கப்பல் போக்குவரத்துதான் இன்றும் நடந்து வருகிறது. தெற்கே பெர்கன் முதல் வடகிழக்கே ருஷ்ய எல்லையை அடுத்த கிர்க்கெனெஸ் வரையில் முப்பத்துநான்கு துறைமுகங்கள். போக ஏழு நாள். திரும்பி வருவதையும் சேர்த்தால் பன்னிரண்டு நாள். உள்ளூர் ஜனங்களும் சரக்கு மூட்டைகளும் உல்லாசப் பிரயாணிகளும் ஒன்றாகப் போகும் கப்பல்கள் இவை.

நாங்கள் ஜூன் மாதத்தில் ஓர் இரவு பெர்கனில் ஏறினோம். பெர்கன் மழைக்குப் பேர்போன ஊர். அன்றும் அது தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது.

முதற் காலை

பொழுது விடியும் சமயத்தில் கப்பல் 'ஸ்டாட்' என்னும் முனையைச் சுற்றிச் சென்றது. அதுவரையில் தீவுகளின் மறைவில் அமைதியாகப் போய்க்கொண்டிருந்த கப்பல், அங்கே திறந்த கடலின் அலைகளுக்கு முகம் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் தொட்டில் ஆட்டிற்று. ஆட்டம் ஓய்ந்து போஜன மண்டபத்துக்குப் போனபோது, தமக்கையாருக்கு வேண்டியிருந்ததெல்லாம் சூடாக, காரமில்லாமல், வயிற்றைத் தடவிக்கொடுப்பது போன்ற ஏதோ ஒன்று.

மண்டபத்தைச் சுற்றி வந்தோம். வெங்காயத்தோடு ஊறிய ஹெர்ரிங் மீன், புகையில் பதமிட்ட சால்மன் மீன், வெல்லப்பாகு நிறத்தில் ஆட்டுப்பால் பாலாடைக் கட்டி, கம்பளி போல் தடித்த கறுப்பு ரொட்டி. பால் ஊற்றிச் சாப்பிடும் தானியப் பொரிகளும் ஜாடி ஜாடியாக இருந்தன. அவற்றில் ஒன்றில் தேன், ஒன்றில் சாக்கலேட், மற்றொன்றில் சர்க்கரைப் பூச்சு. அவை தானியம் என்று பெயர் பெற்ற மிட்டாய்கள்.

கடைசியில், ஒரு மூலையில் ரசம் வைக்கும் பாத்திரம் போன்ற மூடி போட்ட கொப்பரை ஒன்றைக் கண்டேன். திறந்தால் ஆவி பறக்க ஓட்ஸ் கஞ்சி! நார்வே மொழியில் கஞ்சிக்கு 'க்ரோட்' என்று பெயர்; ஓட்ஸ் கஞ்சி 'ஹாவ்ரெக்ரோட்'. ஆனால் பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் இலவங்கப்பட்டைப் பொடி கலந்த சர்க்கரை, ஒரு கிண்ணத்தில் பழப்பாகு, ஒரு கிண்ணத்தில் வெண்ணெய். பரிமாறிய பெண்ணிடம் விசாரித்தேன். கஞ்சியைக் கொழுப்பு நீக்காத பாலில் காய்ச்சியிருப்பதாகவும், மேலே சர்க்கரையும் வெண்ணெயும் போட்டுக்கொண்டால்தான் ருசிக்கும் என்றும் அவள் அன்புடன் சொன்னாள். இருதய வைத்தியர் அந்தக் கொப்பரையைப் பார்த்திருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்.

தமக்கையார் இரண்டு துண்டு கறுப்பு ரொட்டியும் வெள்ளரிக்காயும் உண்டார். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்றைக்கு இது போதும், தம்பி. நாளைக்கு என்ன செய்வது?" என்றார்.

சமையற்காரரின் பானை

அன்று மத்தியானம் தலைமைச் சமையற்காரரைப் பார்க்க அனுமதி கேட்டேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். வடகரை மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். நான் வைத்தியருடைய நிபந்தனையைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே சிரித்துவிட்டார்.

"நீங்கள் தேடுகிற கஞ்சி இந்தக் கப்பலில் தினமும் காய்ச்சப்படுகிறது. ஆனால் மேல் தளத்தில் இல்லை, கீழ்த் தளத்தில். விடியற்காலை நான்கு மணிக்கு வேலைக்குப் போகிற மாலுமிகளுக்கு நான் காய்ச்சுவது தண்ணீரிலும் உப்பிலும்தான். பிரயாணிகள் விருந்தாளிகள் ஆயிற்றே என்று பாலும் வெண்ணெயும் சேர்க்கிறோம். உங்கள் சகோதரிக்கு மாலுமிக் கஞ்சி போதுமா?" என்று கேட்டார்.

போதுமாவது! மறுநாள் ஏழரை மணிக்குத் தனிக் கிண்ணத்தில் அது வந்து சேர்ந்தது.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விவரங்கள் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும். ஓட்ஸ் மூன்று உருவங்களில் கிடைக்கிறது. உமி நீக்கிய முழு மணியைக் கத்தியால் இரண்டு மூன்றாக நறுக்கினால் அது நொய் ஓட்ஸ். இரவே ஊறவைக்காவிட்டால் அரை மணி நேரம் கொதிக்க வேண்டும். மணியை ஆவியில் வேகவைத்து உருளையில் நசுக்கினால் அது அவல் ஓட்ஸ். ஐந்து முதல் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். அதையே இன்னும் மெல்லியதாக நசுக்கி, முன்னமே வேகவைத்து உலர்த்தினால் வெந்நீர் ஊற்றியவுடன் குழையும் உடனடி ஓட்ஸ். மூன்றும் ஒரே தானியந்தான். ஆனால் எவ்வளவுக்கெவ்வளவு நைந்திருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு சீக்கிரம் ஜீரணமாகி இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். உடனடி ஓட்ஸ் பொட்டலங்கள் பலவற்றில் ருசிக்காகச் சர்க்கரையும் கலந்திருக்கும்; ஒரு சிறு பொட்டலத்தில் இரண்டு தேக்கரண்டிக்கு மேலும் இருப்பதுண்டு.

ஓட்ஸ் கஞ்சி ஆறும்போது வழவழப்பாகக் கெட்டிப்படுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த வழவழப்புக்குக் காரணம் 'பீட்டா குளுக்கான்' என்னும் நார்ப்பொருள். குடலில் அது கூழாகித் தங்கி, சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. கொலஸ்டிரால் என்னும் கொழுப்பையும் சிறிது குறைக்கிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கானை ஓட்ஸ் வழியாக உட்கொள்வது, கொழுப்புக் குறைந்த ஆகாரத்தோடு சேரும்போது, இருதய நோயின் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று விளம்பரம் செய்துகொள்ள அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதி அளித்தது. 40 கிராம் அவல் ஓட்ஸில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் பீட்டா குளுக்கான் இருக்கும். ஆகவே ஒரு கிண்ணம் கஞ்சி சர்வரோக நிவாரணி அன்று. அதுவும் மாவுப் பண்டந்தான். அளவு தப்பினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். அளவறிந்து கொண்டால் நல்ல துணை.

மீனும் தானியமும்

நல்ல துணை என்பதை அந்தக் கடற்கரை வெகு காலமாக அறிந்திருக்கிறது. நாங்கள் ஓலெஸுன், ட்ரோன்ஹைம் ஆகிய ஊர்களைக் கடந்து வடக்கே போகப் போக, வயல்கள் சுருங்கின. மலைகளும் பாறைகளும் மிஞ்சின. நான்காம் நாள் விடியற்காலையில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டினோம். ஒரு சிறு பாறைத் தீவின் மேல் இரும்பினால் செய்த பூகோள உருண்டை ஒன்று அந்த எல்லையைக் காட்டி நிற்கிறது. வகுப்பில் சாக்குக் கட்டியினால் எத்தனையோ தடவை நான் வரைந்த கோடு அது.

அந்தக் கோட்டுக்கு அப்பால் கோதுமை விளைவது அரிது. ஈரத்தையும் குளிரையும் தாங்கும் ஓட்ஸும், அதையும் விட வடக்கே செல்லக்கூடிய வாற்கோதுமையுமே அந்நாட்டுக் குடியானவர்களைக் காப்பாற்றின. இன்னும் வடக்கே போனால் அதுவும் இல்லை. லோஃபோட்டன் தீவுகளில் மீனைக் குளிர்காற்றில் உலர்த்தி, படகுகளில் ஏற்றித் தெற்கே பெர்கனுக்குக் கொண்டு போனார்கள். திரும்பும்போது அதே படகுகளில் தானியம் வந்தது. வடகோடியில் இருந்தவர்களுக்கு ருஷ்யாவின் வெண்கடற் பகுதியிலிருந்து வியாபாரிகள் ரை மாவு கொண்டு வந்து மீனை வாங்கிப் போனார்கள். அந்தப் பண்டமாற்று 1917-ஆம் வருஷத்து ருஷ்யப் புரட்சி வரையில் நடந்தது.

தானியக் கப்பல் வராவிட்டால்? 1807 முதல் 1814 வரையில், நெப்போலியன் யுத்த காலத்தில், பிரிட்டிஷ் கடற்படை நார்வே கரையை முற்றுகையிட்டது. டென்மார்க்கிலிருந்து வரவேண்டிய தானியம் நின்றுபோயிற்று. மரப்பட்டையின் உட்புறத்தைச் சுரண்டி இடித்து மாவோடு கலந்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். ஹென்ரிக் இப்ஸன் 1862-இல் எழுதிய 'டெர்யெ வீகன்' என்னும் கதைப்பாட்டு அந்தக் காலத்தைப் பற்றியதே. மனைவியும் பெண் குழந்தையும் பட்டினி கிடக்க, மாலுமி ஒருவன் சிறு படகில் தன்னந்தனியாகத் துடுப்பு வலித்து டென்மார்க் போய், மூன்று பீப்பாய் வாற்கோதுமை வாங்கித் திரும்புகிறான். வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஆங்கிலக் கப்பல் அவனைப் பிடித்துக்கொள்கிறது. சிறையிலிருந்து அவன் திரும்பியபோது மனைவியும் இல்லை, குழந்தையும் இல்லை. யுத்தத்தினாலும் அந்நிய அரசினாலும் பஞ்சத்தைக் கண்ட நமக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட நாட்டில் கஞ்சிக்கு மரியாதை இருப்பதில் ஆச்சரியம் என்ன? பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகும் அயல் வீட்டுப் பெண்கள், சித்திர வேலை செய்த மரப் பாத்திரத்தில் புளித்த பாலேட்டில் காய்ச்சிய கஞ்சி கொண்டு போவார்களாம். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, மாட்டுக் கொட்டிலில் வாழும் 'நிஸ்ஸெ' என்னும் குட்டிப் பூதத்துக்கு ஒரு கிண்ணம் கஞ்சி வைப்பது வழக்கம்.

கஞ்சிச் சண்டை

சமையற்காரரிடம் ஒரு வழக்கத்தைக் கவனித்தேன். கஞ்சி வெந்து இறக்கும் சமயத்தில் ஒரு பிடி வேகாத ஓட்ஸை அள்ளித் தூவிக் கிண்டினார். "இது எதற்கு?" என்றேன். "வாயில் சற்றுத் தட்டுப்பட வேண்டாமா? என் பாட்டி செய்தாள், நானும் செய்கிறேன். இந்த ஒரு பிடிக்காக எங்கள் தேசத்தில் ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது" என்றார்.

உண்மைதான். பீட்டர் கிறிஸ்டன் ஆஸ்ப்யோர்ன்ஸன் என்பவர் நார்வே தேசத்து நாடோடிக் கதைகளைத் திரட்டிய பெரியவர். பூதத்தோடு பந்தயம் கட்டிக் கஞ்சி குடித்த சிறுவன், வயிற்றின் மேல் ஒரு பையைக் கட்டிக்கொண்டு அதற்குள் கஞ்சியைக் கொட்டிப் பூதத்தை ஏமாற்றிய கதை அவர் தொகுதியில் உண்டு. அவர் விஞ்ஞானமும் கற்றவர். 1864-இல் ஒரு புனைபெயரில் சமையலைப் பற்றிப் புத்தகம் எழுதினார். குடியானவப் பெண்கள் கஞ்சியை இறக்கும்போது பச்சை மாவைத் தூவுகிறார்களே, அது ஜீரணமாகாமல் வீணாகிறது; தேசத்துக்கே பெரும் நஷ்டம் என்பது அவர் வாதம். படித்த கனவான்கள் பலர் ஆமோதித்தார்கள்.

எதிர்த்து எழுந்தவர் ஐலர்ட் சுண்ட். ஏழைகளின் குடிசைகளுக்கு நடந்தே போய் அவர்களுடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் ஒரு காரியத்தைச் செய்து வருகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும்; அதை மூடத்தனம் என்று தள்ளுவதற்கு முன் அவர்களையே கேட்க வேண்டாமா என்பது அவர் கட்சி. பத்திரிகைகளிலும் பிரசுரங்களிலும் இரண்டு வருஷம் இந்த வாக்குவாதம் நடந்தது. 'கஞ்சிச் சண்டை' என்றே சரித்திரத்தில் அதற்குப் பெயர்.

நான் இந்தக் கதையைச் சொன்னபோது தமக்கையார் சொன்ன தீர்ப்பு: "அவர் மாவைக் கணக்குப் பார்த்தார், இவர் மனுஷரைக் கேட்டார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நாள் அடுப்பில் கிண்டிப் பார்த்திருந்தால் சண்டையே வந்திராது."

ஹெர்ரிங் மேஜையின் வெங்காயம்

மாலுமிக் கஞ்சியைத் தமக்கையார் முதலில் வாயில் வைத்தபோது முகம் அவ்வளவாக மலரவில்லை. "நல்லதுதான், தம்பி. ஆனால் வழவழவென்று இருக்கிறது. கேழ்வரகுக்கு இருக்கிற மணம் இல்லை" என்றார். பிறகு எழுந்து, மண்டபத்தை மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இந்தத் தடவை அவர் பிரயாணியாக அல்ல, சமையற்கட்டின் எஜமானியாகப் பார்த்தார்.

பால் வைத்திருந்த இடத்தில் புளித்த பால் இருந்தது. நார்வேயில் அதைக் கடைகளில் சாதாரணமாக விற்கிறார்கள். நம் மோரைவிடக் கெட்டி, தயிரைவிட இளக்கம். அதில் ஒரு தம்ளர். ஹெர்ரிங் மேஜையில் மீனோடு சேராமல் தனித் தட்டில் பச்சை வெங்காயம் அரிந்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு கரண்டி. ஆறிய கஞ்சியில் புளித்த பாலை விட்டுக் கரைத்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார். "இப்போது கூழ் ஆகிவிட்டது!" என்றார்.

பக்கத்து மேஜையில் இருந்த முதிய நார்வே மாது ஒருத்தி இதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கே வந்துவிட்டாள். "என் பாட்டி இப்படித்தான் புளித்த பாலோடு கஞ்சி குடிப்பாள். பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் எனக்கு அது வெட்கமாகிவிட்டது; வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று தோழிகள் கேட்டால் ரொட்டி என்று பொய் சொல்வேன்" என்றாள். இரண்டு கிழவிகளும் பொதுப்பாஷை ஏதும் இல்லாமலே, என்னைத் துபாஷியாக வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் பேசினார்கள். வெங்காயத்தை மட்டும் அம்மாது மரியாதையாக மறுத்துவிட்டாள்.

கிர்க்கெனெஸ் சேரும் வரையில் ஒவ்வொரு காலையும் ஏழரை மணிக்கு அதே கிண்ணம். கையோடு கொண்டு போயிருந்த சோதனைக் கருவி, வைத்தியர் குறித்துக் கொடுத்த எல்லைக்குள்ளேயே காட்டிற்று. ஐந்தாம் நாள் மாலை மட்டும் பழப்பாகு தடவிய ஒரு வாஃபிள் பணியாரம் சபலம் மூட்டி உள்ளே போயிற்று. கருவி அதையும் ஒளிக்காமல் காட்டிவிட்டது.

ஆறாம் நாள் நள்ளிரவில், ஐரோப்பாவின் வடமுனையைத் தாண்டித் திறந்த கடலில் கப்பல் போய்க்கொண்டிருந்தபோது, இருவரும் கம்பளி போர்த்துக்கொண்டு மேல் தளத்தில் நின்றோம். வடக்கே, தொடுவானத்துக்குச் சற்று மேலே, சூரியன். மறையவும் இல்லை, ஏறவும் இல்லை. கடலின் மேல் ஒரு செம்பொற் பாதையை விரித்துவிட்டு, கிழக்கு நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தமக்கையார் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த ஊர்ப் பெண்கள் எந்தப் பொழுதைப் பார்த்து உலை ஏற்றுவார்கள், தம்பி?" என்று கேட்டார். இருபது வருஷமாக எந்த மாணவனும் கேட்காத கேள்வி அது.

பிரயாணிகளுக்குச் சில வார்த்தைகள்

இப்போது நம்மவர்கள் பலர் வயோதிகப் பெற்றோரை அழைத்துக்கொண்டு அலாஸ்கா, மத்தியதரைக் கடல், சிங்கப்பூர் என்று உல்லாசக் கப்பல்களில் போகிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் சில குறிப்புகளைச் சொல்லி முடிக்கிறேன்.

கப்பலில் ஏறிய அன்றே போஜன மண்டபத்தின் தலைவரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். காலைக் கூட்டத்தின் நடுவில் சொன்னால் பலன் குறைவு. சூடான தானியக் கஞ்சி பெரும்பாலும் பண்டங்களின் நடுவில் இராது; ரசம் வைக்கும் கொப்பரைகளின் பக்கம் தேடுங்கள். பல பெரிய கப்பல்களில் அறைக்கே காலை ஆகாரம் அனுப்புவதற்கு ஒரு சீட்டு உண்டு. அதில் ஓட்ஸ் கஞ்சியும் சேர்ந்திருக்கும். அமெரிக்கர்கள் அதிகமாகச் செல்லும் கப்பல்களில் கோதுமை ரவைக் கஞ்சியும் மக்காச்சோள நொய்க் கஞ்சியும் கிடைக்கலாம். கீழ்த்திசைக் கப்பல்களில் அரிசிக் கஞ்சி கிடைக்கும். இம்மூன்றும் வயிற்றுக்கு இதமானவையே. ஆனால் அவற்றில் நார்ச்சத்து குறைவு. நீரிழிவுக்காரருக்கு ஓட்ஸே மேல்.

கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. தண்ணீரில் காய்ச்சியதா, பாலிலா? சர்க்கரை சேர்ந்திருக்கிறதா? உப்பு எவ்வளவு? முழுத் தானியமா, உடனடிப் பொட்டலமா? பதில் திருப்தியாக இல்லாவிட்டால், தண்ணீரில் தனியாகக் காய்ச்சித் தர முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். மேலே தூவுவதற்குச் சர்க்கரைக்குப் பதிலாக ஒரு பிடி பாதாம் பருப்போ, நறுக்கிய ஆப்பிளோ போதும். அவசரத்துக்குச் சர்க்கரை சேராத ஓட்ஸ் சிறிது பெட்டியில் இருக்கட்டும். ஆனால் உணவுப் பொருள்களோடு கரையிறங்குவதற்குமுன் அந்தந்த நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்; ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் இதில் மிகக் கண்டிப்பு. மாத்திரை உட்கொள்கிறவர்கள் கப்பல் வைத்தியரிடம் முதல் நாளே தெரிவித்து வைப்பது உத்தமம்.

கடைசியாக ஒன்று. ஓட்ஸ் வடநாட்டுக் குளிருக்கு இயற்கை அளித்த தானியம். நமக்கும் இயற்கை வஞ்சகம் செய்யவில்லை. கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து இருக்கிறது. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இந்தியா கொண்டுவந்த பிரேரணையின் மேல் ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் வருஷத்தைச் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடிற்று. கொண்டாட்டம் முடிந்துவிட்டது. நம் வீடுகளிலோ விருந்தாளி வந்தால் கேழ்வரகுப் பானையை மூடி ஒளித்துவிட்டு ரொட்டியையும் பிஸ்கோத்தையும் எடுத்து வைக்கிறோம். அந்த நார்வே மாது சிறுமியாக இருந்தபோது சொன்ன பொய்யை நம் குழந்தைகளும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியனாகிய எனக்கு அது தெரியும்.

ஊர் திரும்பியபின் எங்கள் வீட்டில் ஒரு சிறு மாறுதல். காலையில் யார் வந்தாலும், காப்பிக்கு முன்னால் தமக்கையார் கேட்கிற கேள்வி, "கூழ் இருக்கிறது, ஒரு தம்ளர் கரைக்கட்டுமா?" என்பது. வந்தவர்களில் பாதிப்பேர் சிரித்துக்கொண்டே மறுக்கிறார்கள். மீதிப் பேர், "உங்கள் வீட்டில் இதெல்லாம் உண்டா?" என்று ஆவலோடு வாங்கிக் குடித்துவிட்டு, வெங்காயம் இன்னும் கொஞ்சம் கேட்கிறார்கள்.